நம் ஊர்ப் படங்களுக்கு நாமே ஒரு கேலரி: பிஎச்பியில் செய்வது பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கோவில் நிர்வாகம், பழைய மாணவர் சங்கம், ஸ்டூடியோ, ஆசைக்குப் படம் எடுப்பவர்கள் என்று திருகோணமலையில் பலரிடம் ஆயிரக்கணக்கில் படங்கள் ஹார்ட் டிஸ்க்கில் கிடக்கின்றன. அவற்றை ஒழுங்காக இணையத்தில் போட்டுவைக்க பிஎச்பி என்ற நிரல்மொழியில் ஒரு சின்ன நிரல் போதும். அதைச் செய்யத் தொடங்குகிறவர்கள் திரும்பத் திரும்பக் கேட்பவற்றை இங்கே சேர்த்திருக்கிறேன். செயற்கூறுகளின் பெயர்களைத் தமிழ் எழுத்தில் தருகிறேன், நிரலில் எழுதும்போது பிஎச்பி கையேட்டில் இருக்கிற எழுத்துக்கூட்டலைப் பார்த்து எழுதுங்கள்.

பேஸ்புக்கும் கூகுள் போட்டோஸும் இருக்கும்போது இது எதற்கு?

பேஸ்புக்கில் போட்ட படத்தை அது சுருக்கி வைக்கிறது, மூலப்படம் அங்கே இருக்காது. ஐந்து வருடத்துக்கு முந்தைய தேர்த் திருவிழாப் படத்தைத் தேடி எடுக்கக் கீழே கீழே இழுத்துக்கொண்டே போகவேண்டும். கூகுள் போட்டோஸ் எல்லையில்லாமல் இலவசமாக வைத்துக்கொள்ள விட்டது, பிறகு 2021 ஜூன் 1 முதல் 15 ஜிபிக்குள் எல்லாம் அடங்கவேண்டும் என்று மாற்றிவிட்டது. அவர்களுடைய இடம், அவர்கள் மாற்றுவார்கள், அதில் கோபப்பட ஒன்றுமில்லை. ஆனால் 2004 டிசம்பர் 26 அன்று கடல் வந்து போன ஊர் இது. கரையோரத்தில் எத்தனையோ வீடுகளில் கல்யாண அல்பமும் தாத்தாவின் ஒரே படமும் தண்ணீரோடு போயின. மிச்சம் இருக்கிற படங்களை நம் கையில், நாம் விரும்பும்போது தூக்கிக்கொண்டு வேறு இடத்துக்குப் போகக்கூடிய மாதிரி வைத்திருக்கவேண்டும் என்று நான் உறுதியாக நம்புகிறேன். கீழே சொல்லும் எல்லாமே அந்த எண்ணத்தில் இருந்து வருவதுதான்: படங்கள் சாதாரணக் கோப்புறைகளில் சாதாரணக் கோப்புகளாகவே இருக்கட்டும், நிரல் அவற்றை வாசித்துக் காட்டட்டும். நிரல் பழுதானாலும் படங்களுக்கு ஒன்றும் ஆகக்கூடாது.

எச்டிஎம்எல் மட்டும் வைத்துச் செய்ய முடியாதா?

முடியும். இருபது படத்துக்கு அதுவே சுகம். ஆனால் ஒவ்வொரு புதுப் படத்துக்கும் ஒரு வரி கையால் சேர்க்கவேண்டும், இருநூறாகும்போது கை வலித்து விட்டுவிடுவீர்கள். சேவையகத்தில், அதாவது தளத்தை வைத்திருக்கும் கணினியில், ஓடும் நிரல் என்றால், யாராவது பக்கத்தைத் திறக்கும் கணத்தில் அது கோப்புறைக்குள் எட்டிப் பார்த்து, அங்கே என்ன இருக்கிறதோ அதை வைத்துப் பக்கத்தைத் தானே எழுதிக் கொடுக்கும். புதுப் படத்தைக் கோப்புறைக்குள் போட்டால் வேலை முடிந்தது.

எனக்கு என்ன தெரிந்திருக்கவேண்டும், என்ன நிறுவவேண்டும்?

ஏ.எல். ஐசிடி படிக்கிற பிள்ளைக்குத் தெரிந்த அளவு பிஎச்பி போதும். மாறி, வரிசை, ஃபோர்ஈச் சுற்று, ஒரு செயற்கூறு எழுதுவது, அவ்வளவுதான். பிஎச்பியே 1995இல் ராஸ்மஸ் லெர்டோர்ஃப் தன் சொந்த முகப்புப் பக்கத்துக்காக எழுதி வெளியிட்ட சின்னக் கருவிகளில் இருந்து வளர்ந்ததுதான், ஆகவே இந்த மாதிரி வேலைக்கு அது நன்றாகவே பொருந்தும். வீட்டுக் கணினியில் எக்ஸாம்ப் நிறுவுங்கள், பிஎச்பியும் அப்பாச்சி என்ற சேவையக மென்பொருளும் அதில் சேர்ந்தே வரும். பிஎச்பியின் அமைப்புக் கோப்பில் ஜிடி என்ற வரிக்கு முன்னால் அரைப்புள்ளி இருந்தால் அதை அழித்துவிட்டு அப்பாச்சியை நிறுத்தி மறுபடி தொடங்குங்கள். படத்தைச் சின்னதாக்குவது ஜிடியின் வேலை. படத்துக்குள் கமெரா பதிந்துவைக்கும் விவரங்களை வாசிக்க எக்ஸிஃப் என்ற வரியையும் அதேபோலத் திறந்துவிடுங்கள், விண்டோஸில் அது எம்பிஸ்ட்ரிங் வரிக்குக் கீழே இருக்கவேண்டும்.

கோப்புறைகளை எப்படி அடுக்குவது?

இதில்தான் நேரம் செலவழிக்கவேண்டும். நிரலை எப்போது வேண்டுமானாலும் திருத்தலாம், மூவாயிரம் கோப்புகளுக்குப் பெயர் மாற்றுவது பெரிய பாடு.

மூன்று கோப்புறைகள் வையுங்கள். முதலாவது மூலப்படங்கள், போனிலோ கமெராவிலோ வந்தபடியே, ஒரு புள்ளிகூட மாற்றாமல். இரண்டாவது பெரிய படங்கள், நீளப் பக்கம் 1600 பிக்சல். மூன்றாவது சின்னப்படங்கள், 300 பிக்சல் அளவில். இணையத்துக்குப் போவது பின்னைய இரண்டும்தான். மூலப்படக் கோப்புறை வீட்டிலேயே இருக்கட்டும். ஒவ்வொன்றுக்குள்ளும் ஒரே பெயரில் உட்கோப்புறைகள்: வருடம் முதலில், பிறகு மாதம், பிறகு இடம். 2023-08-கன்னியா, 2024-01-நிலாவெளி என்கிற மாதிரி. வருடம் முன்னால் நின்றால் பெயர் வரிசையே கால வரிசையாகிவிடும், தனியாக அடுக்கத் தேவையில்லை.

ஆனால் கோப்புறைப் பெயரை ஆங்கிலச் சிற்றெழுத்தில் வையுங்கள், தமிழில் வேண்டாம். எனக்கும் தமிழில் வைக்கத்தான் ஆசை, வேலையும் செய்யும். சிக்கல் முகவரியில்தான். யூனிகோடு எழுத்தைச் சேமிக்கும் யூடிஎஃப்-8 முறையில் ஒவ்வொரு தமிழ்க் குறியீட்டுக்கும் மூன்று பைட் போகிறது, முகவரியில் அது விழுக்காட்டுக் குறியோடு ஒன்பது எழுத்தாகிறது. கன்னியா என்ற சின்னப் பெயர் ஏழு குறியீடு, ஆகவே யாரோ அதை வாட்ஸ்அப்பில் அனுப்பும்போது பெரும்பாலும் 63 எழுத்துக் குப்பையாகப் போய்ச் சேரும். தமிழ்ப் பெயரை விளக்கக் கோப்பில் எழுதுங்கள், அதைப் பின்னால் சொல்கிறேன்.

பெயரில் இடைவெளி வேண்டாம், இடைக்கோடு போதும். விண்டோஸுக்குப் பெரிய எழுத்தும் சின்ன எழுத்தும் ஒன்று, வாடகைச் சேவையகங்களில் பெரும்பாலும் இருக்கிற லினக்ஸுக்கு அவை வேறு வேறு. கமெரா பெரிய எழுத்தில் ஜேபிஜி என்று முடிக்கும், உங்கள் நிரல் சின்ன எழுத்தில் தேடும், வீட்டில் எல்லாம் தெரியும், ஏற்றியபின் பாதிப் படம் காணாமல் போகும். எல்லாவற்றையும் சிற்றெழுத்துக்கு மாற்றிவிட்டு ஏற்றுங்கள்.

படங்களை நிரல் எப்படி வாசிக்கிறது?

ஸ்கேன்டிர் என்ற செயற்கூறுக்குக் கோப்புறையின் பெயரைக் கொடுத்தால் உள்ளே இருப்பவற்றின் பட்டியலைத் தரும். முதல் இரண்டாக ஒற்றைப் புள்ளியும் இரட்டைப் புள்ளியும் வரும், அவை இந்தக் கோப்புறையையும் மேல் கோப்புறையையும் குறிப்பவை, கழித்துவிடுங்கள். விண்டோஸ் தானாக வைக்கும் தம்ப்ஸ் கோப்பு மாதிரியானவையும் வரும், ஆகவே வால்பெயர் ஜேபிஜி, ஜேபெக், பிஎன்ஜி, வெப்பி என்று இருப்பவற்றை மட்டும் எடுங்கள். எண் பெயர்கள் இருந்தால் சாதாரண வரிசையில் 10 என்பது 2க்கு முன்னால் வந்து நிற்கும், நாட்சார்ட் போட்டால் மனிதர் எண்ணும் வரிசைக்கு வரும். அப்புறம் ஃபோர்ஈச் சுற்றில் ஒவ்வொன்றுக்கும் ஒரு சின்னப்படமும் பெரிய படத்துக்கு ஓர் இணைப்பும் எழுதவேண்டியதுதான். பத்துப் பதினைந்து வரிக்கு மேல் போகாது.

படத்தைச் சின்னதாக்காமல் அகலத்தை மட்டும் 300 என்று போட்டால் என்ன?

தயவுசெய்து வேண்டாம். திரையில் சின்னதாகத் தெரியும், இறங்குவது முழுக் கோப்பு. ஒரு போன் படம் 4 எம்பி என்று வையுங்கள், நாற்பது படம் உள்ள ஒரு பக்கத்துக்கு 160 எம்பி. மூதூரிலோ குச்சவெளியிலோ இருந்து டேட்டா கார்ட் போட்டுப் பார்க்கும் ஒருவரின் காசு அது. அதே நாற்பதும் 300 பிக்சல் சின்னப்படங்களாக இருந்தால் ஒன்று, ஒன்றரை எம்பிக்குள் முடியும்.

சின்னப்படத்தைச் செய்வது எப்படி, எங்கே?

கெட்இமேஜ்சைஸ் மூலம் அகல உயரம் எடுத்து, விகிதம் கெடாமல் புது அளவைக் கணக்கிட்டு, வெறுமையான புதுப் படம் ஒன்றை உருவாக்கி, இமேஜ்காப்பிரீசாம்பிள்ட் மூலம் அதற்குள் சுருக்கி இறக்கி, இமேஜ்ஜேபெக் மூலம் சேமிக்கவேண்டும். பெயர் கிட்டத்தட்ட ஒன்றாக இருக்கிற இமேஜ்காப்பிரீசைஸ்ட் என்று இன்னொன்று இருக்கிறது, அது வேகம், ஆனால் விளிம்புகள் படிக்கட்டாகத் தெரியும். கோணேசர் கோவில் கோபுரத்தின் சுதைச் சிற்பங்களை இரண்டிலும் செய்து பாருங்கள், வித்தியாசம் உடனே தெரியும். தரம் 75 முதல் 82க்குள் வையுங்கள், அதற்கு மேல் போனால் கோப்பு வீங்குவதுதான் மிச்சம்.

நினைவகம்தான் பலரும் விழும் குழி. ஜேபெக் கோப்பு 4 எம்பியாக இருந்தாலும், ஜிடி அதைத் திறக்கும்போது ஒவ்வொரு பிக்சலுக்கும் 4 பைட் எடுக்கும். 4000க்கு 3000 படம் என்றால் 12 மில்லியன் பிக்சல், 48 மில்லியன் பைட். சரி, பிஎச்பியின் இயல்பான 128 எம்பி எல்லைக்குள் அடங்கும். இப்போதைய போன்களில் 48 மெகாபிக்சல் முறையில் எடுத்தால் 192 மில்லியன் பைட், அங்கே நிரல் நின்று வெள்ளைப் பக்கம் வரும். கோப்பு பழுது என்று நினைத்துப் படத்தை அழித்துவிடாதீர்கள்! நினைவக எல்லையை 512 எம்பிக்கு உயர்த்துங்கள்.

வாடகைச் சேவையகத்தில் அந்த எல்லையை உங்களால் உயர்த்த முடியாமல் போகலாம், நிரல் ஓடும் நேரத்துக்கும் இயல்பாக 30 வினாடி எல்லை இருக்கிறது. அதனால் என் அபிப்பிராயம், சின்னப்படமும் பெரிய படமும் செய்யும் நிரலை வீட்டுக் கணினியில் கட்டளைச் சாளரத்தில் ஓடவிடுங்கள். அங்கே பிஎச்பிக்கு நேர எல்லை கிடையாது, எத்தனை ஆயிரம் படமானாலும் ஓடட்டும். மின்வெட்டு வந்து பாதியில் நின்றால் அரைகுறைக் கோப்பு ஒன்று மிஞ்சும், அதைத் தவிர்க்க வேறு பெயரில் எழுதி முடித்தபின் சரியான பெயருக்கு மாற்றும்படி நிரலை எழுதுங்கள். ஏற்கனவே செய்து முடித்தவற்றைத் தாண்டிப் போகவும் சொல்லுங்கள், மின்சாரம் வந்ததும் விட்ட இடத்தில் இருந்து தொடரும். சேவையகத்துக்கு ஏற்றுவதும் சின்னக் கோப்புகள் என்பதால் உங்கள் டேட்டாவும் மிஞ்சுகிறது.

நேராக எடுத்த படம் சின்னப்படத்தில் மட்டும் படுத்துக் கிடக்கிறது, ஏன்?

போனை நிமிர்த்திப் பிடித்து எடுத்தாலும் பல போன்கள் படத்தைப் படுக்கையாகவே சேமித்துவிட்டு, இதைத் திருப்பிக் காட்டு என்று எக்ஸிஃப் குறிப்பில் ஓர் எண்ணை எழுதிவைக்கும். உலாவி அந்த எண்ணைப் பார்த்துத் திருப்பிக் காட்டுகிறது, ஆகவே மூலப்படம் ஒழுங்காகத் தெரியும். ஜிடி அந்த எண்ணைப் பார்ப்பதும் இல்லை, புதுப் படத்துக்குள் எக்ஸிஃபைக் கொண்டுபோவதும் இல்லை. நீங்கள்தான் எக்ஸிஃப்ரீட்டேட்டா மூலம் ஓரியன்டேஷன் எண்ணை வாசித்து இமேஜ்ரொட்டேட் போடவேண்டும். 1 என்றால் ஒன்றும் செய்யவேண்டாம். 3 என்றால் 180 பாகை. 6 என்றால் மைனஸ் 90, 8 என்றால் 90, ஏனென்றால் பிஎச்பி இடஞ்சுழியாகத் திருப்புகிறது.

எடுத்த நாளும் அதே எக்ஸிஃபில் இருக்கிறது. கோப்பின் தேதியை நம்பவேண்டாம், பிரதி எடுக்கும்போதே அது மாறிவிடக்கூடியது. வாட்ஸ்அப்பில் சாதாரணமாக வந்த படத்தில் இந்த விவரங்கள் எதுவும் இருக்காது, படமும் சுருங்கியிருக்கும். அனுப்புகிறவரிடம் டொக்கியுமென்டாக அனுப்பச் சொல்லுங்கள்.

வீட்டில் எடுத்த படத்தால் வீடு இருக்கும் இடம் வெளியே தெரியுமா?

போனில் இட விவரம் திறந்திருந்தால் அதே எக்ஸிஃபில் அகலாங்கும் நெட்டாங்கும் பதிந்திருக்கும், மூலப்படத்தை அப்படியே ஏற்றினால் யாரும் வாசிக்கலாம். ஜிடி வழியாகப் போன பெரிய படத்திலும் சின்னப்படத்திலும் அது இருக்காது. மூலப்படத்தை ஏற்றவேண்டாம் என்று சொன்னதற்கு இதுவும் ஒரு காரணம்.

ஒரு படத்தைத் தொட்டால் பெரிதாக, முந்தையது அடுத்தது என்று வரவேண்டும். பாதுகாப்பாக எப்படிச் செய்வது?

முகவரியில் அல்பத்தின் (அதாவது உட்கோப்புறையின்) பெயரும் படத்தின் பெயரும் வரும், நிரல் அவற்றை வாங்கிக் காட்டும். கவனம் இங்கேதான் வேண்டும். படத்தின் பெயருக்குப் பதிலாக இரண்டு புள்ளியும் சாய்கோடுமாக மாற்றி மாற்றிப் போட்டு மேல் கோப்புறைகளுக்கு ஏறிக் கடவுச்சொல் உள்ள கோப்பைக் கேட்கிறவர்கள் இருக்கிறார்கள், தானியங்கி நிரல்கள் நாள் முழுக்க இதையே செய்கின்றன. வந்த பெயரைப் பாதையோடு ஒட்டித் திறக்கவே வேண்டாம். ஸ்கேன்டிர் தந்த பட்டியல் உங்களிடம் இருக்கிறது, வந்த பெயர் அதில் இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் காட்டுங்கள், இல்லாவிட்டால் 404, அதாவது பக்கம் இல்லை என்ற பதில். அல்பத்தின் பெயருக்கும் இதே சோதனைதான். பட்டியலில் அது எத்தனையாவது என்று தெரிந்ததும் முந்தையதும் அடுத்ததும் தாமாகவே கிடைக்கின்றன.

தமிழில் விளக்கம் எழுதினால் பெட்டி பெட்டியாகவோ ஆங்கில எழுத்தாகவோ வருகிறதே?

யூனிகோடு அல்லாத பழைய எழுத்துருவான பாமினியில் தட்டியிருப்பீர்கள். அச்சகங்களிலும் தட்டச்சுக் கடைகளிலும் இன்னும் பாமினிதான் ஓடுகிறது, அந்த எழுத்துரு இல்லாத போனில் அது வெறும் ஆங்கில எழுத்துக் குவியல். யூனிகோடுக்கு மாற்றி, கோப்பை யூடிஎஃப்-8ஆகச் சேமித்து, பக்கத்தின் தலைப்பகுதியிலும் யூடிஎஃப்-8 என்று குறிப்பிடுங்கள். சேமிக்கும்போது பிஓஎம் உள்ளது, இல்லாதது என்று இரண்டு வகை காட்டினால் இல்லாததை எடுங்கள். பிஎச்பி கோப்பின் தொடக்கத்தில் கண்ணுக்குத் தெரியாத அந்த மூன்று பைட் இருந்தால் செஷன் தொடங்கும்போது தலைப்புகள் ஏற்கனவே அனுப்பப்பட்டுவிட்டன என்ற பிழை வரும்.

விளக்கங்களுக்கு ஒவ்வொரு அல்பத்திலும் ஒரு சாதாரண எழுத்துக் கோப்பு போதும். முதல் வரி அல்பத்தின் தமிழ்த் தலைப்பு. பிறகு வரிக்கு ஒன்றாக, படத்தின் பெயர், ஒரு செங்குத்துக் கோடு, விளக்கம். நிரல் அதை வாசித்து எச்டிஎம்எல்ஸ்பெஷல்சார்ஸ் வழியாகவே பக்கத்தில் இறக்கவேண்டும், விளக்கத்தில் யாராவது கோணக்குறி போட்டாலும் பக்கம் உடையாது.

விளக்கம் எழுதுவதைத் தள்ளிப் போடாதீர்கள், என்னைக் கேட்டால் இதுதான் கேலரியின் உயிர். பிரட்ரிக் கோட்டைக்குள் நிற்கும் மான்களின் படம் ஆயிரம் கிடைக்கும். 1970களில் கடற்கரையில் நிற்கும் அந்த நாலு பேர் யார், பின்னால் தெரியும் கட்டிடம் எது என்று சொல்லக்கூடிய ஆட்கள் நம்மிடையே குறைந்துகொண்டே போகிறார்கள். அவர்கள் பக்கத்தில் இருந்து கேட்டு எழுதுங்கள். தெரியாத பெயருக்குத் தெரியவில்லை என்றே எழுதுங்கள், பார்க்கிற யாராவது சொல்வார்கள்.

பழைய அச்சுப் படங்களை எப்படி ஸ்கேன் செய்வது?

600 டிபிஐ, அதாவது அங்குலத்துக்கு 600 புள்ளி. 4க்கு 6 அங்குலப் படம் 2400க்கு 3600 பிக்சலாக வரும், இதற்குப் போதும். கறுப்பு வெள்ளைப் படத்தையும் வண்ண முறையிலேயே எடுங்கள், பழுப்பேறிய நிறமும் படத்தின் பின்பக்க எழுத்தின் மை நிறமும் பிறகு தேவைப்படலாம். பின்பக்கத்தையும் கட்டாயம் எடுங்கள், ஸ்டூடியோ முத்திரையும் தேதியும் அங்கேதான் இருக்கும். வருடம் சரியாகத் தெரியாவிட்டால் கோப்புறைக்கு 1970கள் என்று பொதுவாகப் பெயர் வையுங்கள், ஊகித்து ஒரு தேதியைப் போடவேண்டாம்.

மற்றவர்களும் படம் ஏற்ற வசதி வைக்கலாமா?

தொடக்கத்தில் வேண்டாம். எல்லோரும் உங்களுக்கு அனுப்பட்டும், நீங்கள் எஃப்டிபியில் (சேவையகத்துக்குக் கோப்பு அனுப்பும் முறை) ஏற்றுங்கள். ஏற்றும் படிவம் வைத்த அன்றே உங்கள் தளம் வேறு வகையான தளமாகிவிடுகிறது, படம் என்ற பெயரில் நிரலையே ஏற்றிச் சேவையகத்தைப் பிடித்துக்கொள்வார்கள்.

கட்டாயம் வேண்டும் என்றால், கடவுச்சொல்லோடு நுழைபவர்களுக்கு மட்டும் கொடுங்கள், கடவுச்சொல்லை பாஸ்வேர்ட்ஹாஷ் மூலம் மாற்றிச் சேமியுங்கள். வந்த கோப்பின் பெயரைத் தூக்கிப் போட்டுவிட்டு நீங்களே ஒரு புதுப் பெயர் கொடுங்கள். வால்பெயரை நம்பாமல் உள்ளே இருப்பது உண்மையில் படமா என்று பாருங்கள், ஜிடியில் திறந்து புதிதாகச் சேமித்த பிரதியை மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். அந்தக் கோப்புறையில் பிஎச்பி ஓடாதபடி அப்பாச்சியில் தடை போடுங்கள். ஒரு கோப்புக்கு 2 எம்பி, முழுப் படிவத்துக்கு 8 எம்பி, ஒரு தடவைக்கு 20 கோப்பு என்று பிஎச்பியில் இயல்பான எல்லைகள் உண்டு. படம் ஏறவில்லை, பிழையும் காட்டவில்லை என்றால் முதலில் அவற்றைப் பாருங்கள். ஐபோனின் ஹெய்க் படங்களை ஜிடி திறக்காது, அனுப்புகிறவரே ஜேபெக்காக மாற்றி அனுப்பவேண்டும்.

மைஎஸ்கியூஎல் மாதிரித் தரவுத்தளம் வேண்டாமா?

சில ஆயிரம் படங்கள் வரை வேண்டாம். பெயர் வைத்துத் தேட, ஒரே படத்தைப் பல தலைப்புகளில் காட்ட ஆசை வரும்போது எஸ்கியூலைட் போதும், அது ஒரே ஒரு கோப்பு. அப்போதும் விளக்கக் கோப்புகளே மூலமாக இருக்கட்டும், அவற்றில் இருந்து தரவுத்தளத்தை நிரப்புங்கள்.

போனில் பார்க்கும்போது பக்கம் குதித்துக் குதித்து வருகிறது.

ஒவ்வொரு படத்துக்கும் அகலம் உயரம் இரண்டையும் எச்டிஎம்எல்லில் எழுதுங்கள், உலாவி இடத்தை முதலே ஒதுக்கிவிடும். கீழே இருக்கும் படங்களுக்கு லோடிங் என்ற பண்பில் லேசி என்று போட்டால் அருகில் வரும்போதுதான் இறங்கும். பக்கத்துக்கு ஒரு 30 படம் போதும்.

யாருடைய படத்தையும் போடலாமா?

பொது இடத்தில் எடுத்தாலும், முகம் தெளிவாகத் தெரிகிறவரிடம் முடிந்தவரை கேளுங்கள். சிறுபிள்ளைகள் என்றால் பெற்றோரிடம் கேட்காமல் போடவே வேண்டாம். கடலில் குளிப்பவர்கள், செத்தவீடு, கோவிலுக்குள் மூலஸ்தானம் இவற்றை நான் போடமாட்டேன். ஒருவர் எடுத்துவிடச் சொன்னால் காரணம் கேட்காமல் எடுத்துவிடுங்கள், பெரியதும் சின்னதும் இரண்டையும்.

எங்கே ஏற்றுவது, பிறகு என்ன பார்க்கவேண்டும்?

பிஎச்பி 8 ஓடும் எந்த மலிவான வாடகைச் சேவையகமும் சரி. சின்னப்படங்களை வீட்டிலேயே செய்துவிட்டதால், ஏற்றும் படிவம் வைக்காவிட்டால் அங்கே ஜிடிகூடத் தேவையில்லை. கோப்புறைகளுக்கு 755, கோப்புகளுக்கு 644 அனுமதி வையுங்கள் (நீங்கள் மட்டுமே மாற்றலாம், மற்றவர்கள் வாசிக்கலாம்), யாராவது 777, அதாவது யாரும் மாற்றலாம் என்ற அனுமதி, போடச் சொன்னால் கேட்காதீர்கள். கோப்புறைப் பட்டியல் தானாகத் தெரியாதபடி அப்பாச்சியில் இன்டெக்ஸஸை நிறுத்துங்கள். பிழைகள் திரையில் தெரிவதையும் அங்கே நிறுத்தி, பதிவுக் கோப்பில் எழுதவிடுங்கள்.

காப்புப் பிரதி எதை எதை எடுப்பது?

மூலப்படக் கோப்புறையும் விளக்கக் கோப்புகளும்தான் முக்கியம். இரண்டு ஹார்ட் டிஸ்க்கில் வையுங்கள், அதில் ஒன்று உங்கள் வீட்டில் இருக்கக்கூடாது, கடற்கரையில் இருந்து தள்ளி இருக்கும் உறவினர் வீட்டில் இருக்கட்டும். நிரலையும் கூட வைத்துக்கொள்ளுங்கள், சில கேபிதான். பெரிய படங்களையும் சின்னப்படங்களையும் காப்பெடுக்கத் தேவையில்லை, நிரலை மறுபடி ஓடவிட்டால் ஓர் இரவுக்குள் எல்லாம் திரும்ப வந்துவிடும்.